கல்லாவில் உட்காரப் போவது யார்?

போன சித்திரையில் அக்கா மகள் என் வீட்டுக்கு வந்து, நான்காக மடித்த ஒரு தாளை சுவெட்டர் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்திருந்தாள். முதல் பத்தியின் தலையில் ‘தரமணி’ (சென்னையில் ஹோட்டல் மேலாண்மை படிக்கும் இடம்), இரண்டாவதில் ‘ரிசார்ட்’, மூன்றாவதில் ‘அம்மா கடை’. ஒவ்வொன்றின் கீழும் சம்பளம், செலவு, தூரம், பாதுகாப்பு என்று எழுதிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தாள். அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்த கை, மதிப்பெண் போடாமல் இருக்குமா? கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தொகை வந்தது.

“சித்தி, நீங்கள்தான் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். எதில் சேரட்டும்?”

நான் 19 வருடத்துக்கு முன்பு கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தவள். இன்று 22 அறை உள்ள ஒரு விடுதிக்கு மேனேஜர். இந்தக் கேள்வியோடு வருகிற முதல் பெண் அவள் இல்லை. வில்பட்டியிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் வருகிற எல்லோரும் சம்பளத்தையும் பாதுகாப்பையும்தான் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் அவள் தாளில் ஒரு வரி குறைந்தது. பேனா வாங்கிக் கடைசியில் ‘கல்லா’ என்று எழுதினேன்.

கல்லா என்று நான் சொல்வது காசுப் பெட்டியை மட்டும் அல்ல. ஸ்டோர் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, காய்கறிக்கு விலை பேசுவது யார், அறைக்கு இன்றைக்கு என்ன வாடகை என்று முடிவு செய்வது யார், மாதக் கடைசியில் கணக்கை மூடுவது யார் என்பதெல்லாம் அதில் அடக்கம். எங்கள் மலையில் ஹோட்டல் வேலையில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. வெங்காயம் உரிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள், வாசலில் நின்று வணக்கம் சொல்கிறார்கள். கல்லாவில்தான் காணோம். அதனால் மூன்று வழியையும் அந்த ஒரு வரியை வைத்து அளந்து பார்ப்போம் என்றேன்.

எனக்கு அதிகம் தெரிந்தது ரிசார்ட் வேலை. கிடைப்பது கடினமே இல்லை. ஏப்ரல், மே சீசனுக்கு முன்பு மூஞ்சிக்கல்லிலிருந்து ஏரி வரை எங்கே கேட்டாலும் ஆள் வேண்டும் என்பார்கள். பெண் என்றால் இரண்டு இடம் காட்டுவார்கள். ஆங்கிலம் பேசி, பார்வைக்கும் அவர்கள் நினைக்கிற மாதிரி இருந்தால் ரிசப்ஷன். இல்லையென்றால் அறை சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங். இதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும்.

ரிசப்ஷனில் மார்கழிக் குளிரிலும் மெல்லிய புடவை. சுவெட்டர் போட்டால் யூனிஃபார்ம் மறைந்துவிடுகிறதாம். வந்த விருந்தினர் மூன்று அடுக்கு கம்பளி போட்டுக்கொண்டு, நடுங்குகிற இந்தப் பெண்ணிடம் “இங்கே எப்போதும் இவ்வளவு குளிரா?” என்று கேட்பார்கள். இதைப் பொறுத்துக்கொண்டால் அந்த மேஜையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பெரிய ஹோட்டல்களில் ஃபிரண்ட் ஆபீஸ், டியூட்டி மேனேஜர், அதற்கு மேல் ஜெனரல் மேனேஜர் என்று ஏணி தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் வேறு. ஹோட்டலின் ஒரு நாள் கணக்கு பகலில் முடிவதில்லை. அறை வாடகை, சாப்பாட்டு பில், முன்பணம், பாக்கி எல்லாவற்றையும் சரிபார்த்து இரவில்தான் மூடுவார்கள். நைட் ஆடிட் என்று பெயர். அந்த வேலையை ஆறு மாதம் பார்த்தவனுக்கு அந்த ஹோட்டல் எதில் சம்பாதிக்கிறது, எதில் ஒழுகுகிறது என்பது முழுக்கத் தெரிந்துவிடும். பெண்களை இரவு ஷிஃப்டில் போடுவதில்லை. ஆகவே கணக்கு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஐந்து வருடம் கழித்து மேனேஜர் வேலைக்கு ஆள் தேடும்போது, “அவளுக்குக் கணக்கு தெரியாதே” என்பார்கள்.

சட்டம் தடுக்கிறதா என்றால் இல்லை. கடைகளையும் நிறுவனங்களையும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் போட்ட ஆணையிலேயே, பெண் எழுத்துமூலம் சம்மதித்தால், தகுந்த பாதுகாப்போடு இரவு 8 மணிக்கு மேலும் வேலை பார்க்கலாம் என்று இருக்கிறது. போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. ஆக, இல்லாதது வேன். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் ஊர் ரோட்டில் காட்டெருமை சாவகாசமாக நின்றுகொண்டிருக்கும். மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் நிற்பது கூடத் தெரியாது. ஒரு வேன் இருந்தால் ஒரு பெண் நைட் ஆடிட் பார்ப்பாள். வேன் இல்லாததற்குப் ‘பெண்களின் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஹவுஸ்கீப்பிங் என் சொந்தக் கதை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு அறை. மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பை உள்ளே மடித்துச் செருகுவதை ஒரு நாளில் முப்பது தடவை செய்தால் இடுப்பு என்ன சொல்லும் என்பது மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும் தெரியும். இங்கே அதோடு ரஜாயும் கம்பளியும் சேரும். ஏழாவது வருடம் சூப்பர்வைசர் இடம் காலியானது. நான் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்த பையனுக்கு அது போனது. காரணம் கேட்டேன். “உனக்கு வில்பட்டிக் கடைசி பஸ் போய்விடுமே அம்மா” என்றார் மேனேஜர். ஆண்களுக்கு ஹோட்டலிலேயே தங்க இரண்டு அறை இருந்தது. பெண்களுக்கு ஒன்று கூட இல்லை. அதை அவர் காரணத்தில் சேர்க்கவில்லை.

அந்த வருட ஐப்பசியில் லினன் ஸ்டோர் கணக்கு உதைத்தது. விரிப்புகளை எண்ணினால் குறைகிறது, பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் வேண்டாம் என்று ஒதுங்கிய சாவி என்னிடம் வந்தது. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் என்பது தொழிலில் பொதுவான கணக்கு: கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. மூன்று செட்டை வைத்துக்கொண்டு சமாளித்ததால்தான் அவசரத்துக்கு ஒரு அறையில் எடுத்து இன்னொரு அறையில் போட்டு, கடைசியில் எது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாமல் போனது. திருட்டுப் போனது கொஞ்சம், குழம்பிப் போனது அதிகம். மழைக்காலத்துக்கு நான்காவது செட் வேண்டும், அதற்கு இவ்வளவு செலவு, இல்லாததால் போன வருடம் இத்தனை அறைகளை நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். அந்த ஹோட்டலில் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை “ஏம்மா” தான்.

ஆகவே ரிசார்ட் என்றால் எந்தப் பிரிவு என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் ஒரு சாவி கைக்கு வரும் என்பதைப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் ரிசப்ஷனைவிடச் சமையலறை மேல். அங்கேதான் பொருள் தினமும் உள்ளே வருகிறது, எடை போடுகிறார்கள், கழிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அங்கேதான் பெண்களை உள்ளே விடுவதும் குறைவு. வீட்டில் மூன்று வேளையும் பெண்தான் சமைக்கிறாள், பாராட்டும்போது மட்டும் நளபாகம், பீமபாகம். தமயந்தி பாகம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சின்னக் கடைகளில் பாருங்கள், ஆண் என்றால் ‘மாஸ்டர்’, பெண் என்றால் ‘சமையல் அக்கா’. கூலியிலும் அந்த வித்தியாசம் இருக்கும். பெரிய ஹோட்டல்களில் கமி என்று கடைநிலையில் சேர்ந்து, செஃப் டி பார்ட்டி, சூ செஃப் என்று ஏற வேண்டும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று, மறுபடி இரவு ஏழிலிருந்து பதினொன்று என்று பிரேக் ஷிஃப்ட் போடுவார்கள். நடுவில் வீட்டுக்குப் போய் வர முடியாது, தங்கவும் இடம் இருக்காது. இத்தனையும் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். உலக அளவில் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் கரிமா அரோரா, 2018இல் பாங்காக்கில் தன் சொந்த உணவகத்துக்காகப் பெற்றார். பாங்காக் பெரிய நகரம், அங்கே இரவில் வண்டி கிடைக்கும்.

ரிசார்ட்டில் சேர்வதென்றால் நேர்முகத்தில் அவர்கள் கேட்பதோடு நாமும் சிலவற்றைக் கேட்க வேண்டும். பி.எஃப். பிடிப்பார்களா? இரவு வேன் உண்டா? பெண் ஊழியருக்கு உள்ளே தாழ்ப்பாள் உள்ள தங்கும் அறை உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மூத்த பெண் ஊழியர் தலைவராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியலை எங்கே ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும். பதில் வருகிற வேகத்திலேயே ஹோட்டலின் லட்சணம் தெரிந்துவிடும். பிரசவ விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். பதினெட்டு வயதில் இதைக் கேட்க வெட்கமாக இருந்தால், ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்ணிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

தரமணிக்கு வருவோம். சென்னை தரமணியில் இருக்கும் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் 1963இல் தொடங்கியது. நம் பக்கத்துக்குக் கிட்டே என்றால் திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மூன்று வருடப் பட்டப்படிப்பு, அதில் ஒரு செமஸ்டர் ஹோட்டலில் பயிற்சி. அவ்வளவு காலம் முடியாது என்றால் உணவுத் தயாரிப்பில் ஒன்றரை வருட டிப்ளமோவும் இருக்கிறது. செலவுதான் பயமுறுத்தும். விடுதியோடு சேர்த்தால் சில லட்சம் ஆகிவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. சேரும் படிப்புக்கு அது பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பட்டப்படிப்பின் பக்கம் சாய்வதற்குக் காரணம் சான்றிதழ் இல்லை. அந்தப் பாடத்திட்டத்தில் சமையலோடு கணக்குப் பதிவும், உணவுச் செலவுக் கட்டுப்பாடும் பாடமாகவே வருகின்றன. நான் ஏழு வருடம் கழித்துத் தற்செயலாக ஒரு சாவி மூலம் கற்றதை, அங்கே வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். சமையலறை, பரிமாறுதல், ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங் என்று நான்கு பிரிவிலும் கைவைத்துவிட்டு வருவதால், “பெண்ணா, ரிசப்ஷனில் போடு” என்று ஒதுக்குவது கொஞ்சம் கடினமாகிறது. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவரே பெண்தான். பம்பாய் தாதர் கேட்டரிங் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தங்கம் பிலிப். 1976இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரிடம் படித்த ஆண்கள் எத்தனையோ ஹோட்டல்களை நடத்தினார்கள்.

குறையும் உண்டு. கீழே போகிறவர்கள் பெரும்பாலும் மேலே திரும்புவதில்லை. சென்னை, பெங்களூர் என்று போய்விடுகிறார்கள். படிப்பு முடிந்ததும் கிடைக்கிற முதல் சம்பளத்தைப் பார்த்து மனம் உடைந்து, வேறு துறைக்குத் தாவுகிறவர்களும் நிறைய. மலையிலேயே இருக்க வேண்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற பெண்ணுக்கு மூன்று வருடம் என்பது காலண்டரில் இருப்பதைவிட நீளமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, அக்கா கடை. மூஞ்சிக்கல் பக்கம் நான்கு பெஞ்சு போட்ட டிபன் கடை. “சொந்தத் தொழில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்” என்று தாளில் எழுதிப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தாள். பதில் சொல்ல வேண்டாமா? முதலில் மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கிற இட்லி மாவு, இங்கே மார்கழியில் கல்லு மாதிரி கிடக்கும். அக்கா அண்டாவைக் கம்பளியில் சுற்றி, அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். இரவு ஒரு மணிக்கு எழுந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் சாம்பார் இல்லை, கீழே உள்ள கடையைவிட கேஸும் கூடுதலாக ஆகும். நூறு ரூபாய்க்கு விற்றால் சாமான் செலவு முப்பது, முப்பத்தைந்துக்குள் நிற்க வேண்டும் என்பது தொழிலின் பழைய கணக்கு. கேஸை அதில் சேர்க்க மாட்டார்கள். கீழே இருக்கிறவர்கள் போட்ட கணக்கு அது.

பிறகு வானத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டது. 2020இல் கொரோனா. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். இந்த நெரிசலை மலை தாங்காது, அதனால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் சம்பளக்காரிக்கு சீசன் மந்தமானால் ஓவர்டைம் போகும், கடைக்காரிக்கு வாடகைப் பணம் போகும். சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பாமல் பள்ளி, அலுவலகம், கட்டட வேலை ஆட்களுக்குத் தினமும் சாப்பாடு கொடுக்கிற ஏற்பாடு இருந்தால்தான் கடை நிற்கும். சென்னை மெரினாவில் 1982இல் தள்ளுவண்டிக் கடை போட்ட பாட்ரிசியா நாராயண் பிறகு கேண்டீன்களை எடுத்து நடத்தித்தான் வளர்ந்தார். 2010இல் ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது அவருக்குக் கிடைத்தது. கடற்கரைக் கூட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் அது நடந்திருக்காது.

கடன் கிடைக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு நகரப் பகுதியில் 25 சதவீதம், கிராமப் பகுதியில் 35 சதவீதம் மானியம். கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம். கொடைக்கானல் நகராட்சிக்குள் கடை என்றால் 25, நகராட்சியைத் தாண்டி ஊராட்சிக்குள் போனால் 35. ஆனால் புதுத் தொழிலுக்குத்தான் தருவார்கள், ஓடுகிற கடைக்கு இல்லை. ஆகவே அக்கா கடையை விரிவாக்க முடியாது, மகள் பெயரில் புதிதாக ஒன்று தொடங்க வேண்டும்.

இங்கேதான் கல்லா வருகிறது. அக்கா கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவு அக்கா பெயரில். மாவு அரைப்பது, சாம்பார் கூட்டுவது, இரவு ஒரு மணிக்கு முகர்ந்து பார்ப்பது அக்கா. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அத்தான். நல்ல மனிதர், குடிப்பழக்கம் கிடையாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்க்கு விலை பேசுவதும் அவர்தான். போன மாதம் எவ்வளவு லாபம் என்று அக்காவைக் கேட்டால், “அவரைக் கேள்” என்பாள். 14 வருடமாகக் கடை நடத்துகிறவள். அந்தக் கடையில் மகள் சேர்ந்தால் மகளும் அக்கா நிற்கிற இடத்தில்தான் நிற்பாள். பக்கத்தில் இன்னொரு அடுப்பு வேண்டுமானால் வைப்பார்கள்.

நான்காவதாக ஹோம்ஸ்டே என்று ஒன்றை அவளே எழுதி அடித்திருந்தாள். அடித்தது சரி. சொந்த வீடும் சரியான கட்டட அனுமதியும் இருப்பவர்களுக்கு அது நல்ல தொழில். இடம் வாங்கிக் கட்டலாம் என்று இறங்குகிறவர்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்து ரிசார்ட்டுகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020இல் தோற்றன. இங்கேயும் சீல் வைத்த கட்டடங்களைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறோம்.

என் கணக்கில், இடம் கிடைத்தால் தரமணியோ துவாக்குடியோதான் முதலில். கிடைக்காவிட்டால் ரிசார்ட், ஆனால் சமையலறையில் சேர வேண்டும், இரண்டு வருடத்தில் ஸ்டோர் பக்கம் மாற்றுவோம் என்று வாய்வார்த்தையாகவாவது வாங்கிக்கொண்டு சேர வேண்டும். மாற்றவில்லை என்றால் மூன்றாம் வருடம் ஹோட்டலை மாற்ற வேண்டும். நான் ஏழு வருடம் காத்திருந்தது பொறுமையில் சேராது, பயம்தான். கடை கடைசியில். சின்னது என்பதற்காகச் சொல்லவில்லை. 25 வயதில் கணக்குத் தெரிந்தவளாக அதே கடைக்குள் நுழைந்தால் அத்தான் தானே எழுந்து இடம் விடுவார். 18 வயதில் நுழைந்தால் தட்டு எடுக்கச் சொல்வார். இதில் நான் தப்பாகவும் இருக்கலாம். தட்டு எடுத்துக் கற்றவர்களும் இருக்கிறார்கள்.

அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நுழைவுத் தேர்வு முடிவு வரும் வரை அம்மா கடையில் இருப்பாள், ஆனால் சமைக்க மாட்டாள், கல்லாவில் உட்காருவாள். அத்தான் முதலில் சிரித்தார். பிறகு முட்டி வலிக்கிறது என்று சரி என்றார். முதல் வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் கூப்பிட்டாள். கேஸ் கணக்கைத் தனியாக எழுதிப் பார்த்தாளாம். தோசையில் காசு நிற்கிறது, மதியச் சாப்பாட்டில் ஒவ்வொரு இலைக்கும் கையிலிருந்து போகிறதாம். 14 வருடமாக.

“அம்மாவிடம் சொன்னாயா?”

“சொன்னேன் சித்தி. அம்மா ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.”